பிறப்பும் உழைப்பும்

ஒரு நாட்டின் பிரசை யார்? அங்கே பிறந்தவரா, உழைத்தவரா, பத்திரம் வைத்திருப்பவரா? மாணவர்க்குக் குடியியல் கற்பித்த காலத்தில் இவ்வினாவைப் பன்முறை எழுப்பியிருக்கிறேன். பாடநூலைக் காட்டிலும் கொழும்பு மாநகரின் இரு பகுதிகளே எனக்கு இதனைத் தெளிவாக விளக்கின.

கொட்டாஞ்சேனையை முதலில் நோக்குவோம். துறைமுகத்தை அண்டிய அப்பகுதியில் இந்திய வமிசாவளித் தமிழர் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். மலையகத் தோட்டங்களில் உழைத்த அவர்தம் இனத்தவரோ பல இலட்சத்தினர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இவர்களை நோக்கி, "நீ இங்கே பிறந்தாயா?" என்பதோடு நிற்கவில்லை. "உன் தந்தை இங்கே பிறந்தாரா? இன்றேல் பாட்டனும் பூட்டனும் பிறந்தனரா?" என்று வினாவிற்று. பிறப்புப் பதிவே அரிதாயிருந்த தோட்டங்களிற் பூட்டனின் பிறப்பை மெய்ப்பிக்க வல்லார் எவர்? இதனை எதிர்த்த செல்வநாயகம் தமிழ்க் காங்கிரசினின்றும் பிரிந்து, 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கிட்டது. இந்தியாவுக்கு 5,25,000 பேர். இலங்கைக்கு 3,00,000 பேர். எஞ்சிய 1,50,000 பேரின் கதி 1974 வரை தீர்மானிக்கப்படவில்லை. மனிதரை எண்ணினரேயன்றி, அவர்தம் விருப்பத்தைக் கேட்டாரல்லர்.

இனி நான் வாழும் வெள்ளவத்தைக்கு வருவோம். 1983ஆம் ஆண்டின் கலவரத்தின் பின் இங்கிருந்து கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்றோர் பலர். அந்நாடுகளின் பிரசைகளாகிய அவர்கள் இலங்கைப் பிரசாவுரிமையையும் மீளப்பெற 1987ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் வழி திறந்தது. அவ்வேளையிலும் நாடற்றோர் இந்நாட்டில் இருந்தனர். கடல் கடந்தவர்க்கு இரு நாடு. மண்ணை விட்டகலாதவர்க்கு ஒன்றுமில்லை!

2003ஆம் ஆண்டின் சட்டமே பூட்டனின் பத்திரத்தைக் கேளாது, 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிலையாக வாழ்ந்தோரையும் அவர்தம் வழித்தோன்றல்களையும் பிரசைகளாக ஏற்றது. வாழ்ந்த வாழ்வே சான்றாவதற்கு 55 ஆண்டுகள் சென்றன.

இன்று நம் பிள்ளைகள் அந்நிய நாடுகளின் குடிவரவு அலுவலகங்களிற் காத்து நிற்கின்றனர். "உழைக்கிறோம், ஏற்றுக்கொள்க" என்பதே அவர்தம் வேண்டுகோள். அது நியாயமாயின், தேயிலைக் கொழுந்து கொய்த கைகளின் வேண்டுகோளும் நியாயமே. பிறர்பால் நாம் வேண்டும் நீதியை நம் வீட்டிற் பிறர்க்கு மறுத்தல் தகுமோ?