மூன்றாமவரின் நேரம்

மொன்றியலில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுள் பயோடோமைப் பார்க்காதவர் அரிது. வியோ மெற்றோ நிலையத்தில் இறங்கி, பாடசாலைச் சுற்றுலாவிலோ பெற்றோரின் கைபிடித்தோ சென்று, அயனமண்டலக் காட்டையும் பென்குவின் பறவைகளையும் கண்டு மகிழ்ந்திருப்பர். ஆயினும் அக்கட்டடம் மரங்களுக்காகவும் விலங்குகளுக்காகவும் எழுப்பப்பட்டதன்று என்பதைப் பலர் அறியார். 1976ஆம் ஆண்டில் இந்நகரில் நடைபெற்ற ஒலிம்பிக் விளையாட்டு விழாவுக்காக, பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் றொஜே தயிபேர் வடிவமைத்த வெலோட்றோம் அது. வெலோட்றோம் என்பது துவிச்சக்கரவண்டிப் பந்தயத்துக்கென அமைக்கப்படும் தடம்.

அங்கு நடந்த பந்தயங்களுள் ஒன்று, நால்வர் ஒரு குழுவாக ஓடும் குழுத் துரத்தல். பிரெஞ்சுப் பாடசாலைகளில் பயிலும் எம் மாணவர்கள் அதனைப் 'பூர்சுவித் பார் எக்கிப்' என்று கேள்விப்பட்டிருக்கலாம். அதன் விதிகளை இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம். தமிழ்ப் பாடசாலையின் ஆண்டு மலருக்கு விளையாட்டுச் செய்தி எதற்கு என்று சிலர் வினவக்கூடும். அவ்விதிகளுள் ஒன்று எமது வகுப்பறைகளுக்கும் உரியது என்பது எமது துணிபு.

இந்நகரின் பழைய விளையாட்டு

மொன்றியலுக்குத் தடப் பந்தயம் புதியதன்று. 1899ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் துவிச்சக்கரவண்டி ஓட்டத்தின் உலகப் போட்டிகள் இங்கே வெர்டன் பகுதியில் நடைபெற்றன. ஒரு மைல் விரைவோட்டத்தில் வென்று உலக வீரரானவர் அமெரிக்கக் கறுப்பினத்தவரான மேஜர் ரெய்லர். அவருடைய சொந்த நாட்டின் துவிச்சக்கரவண்டிச் சங்கம் 1894ஆம் ஆண்டிலேயே கறுப்பினத்தவர் உறுப்பினராவதைத் தடைசெய்திருந்தது. தம் நாட்டில் பல இடங்களில் தடத்தில் இறங்கவே மறுக்கப்பட்ட ஒருவர், இந்நகரில் உலகப் பட்டத்தைச் சூடினார் என்பதை நாம் நினைவிற் கொள்ளத் தகும்.

1974ஆம் ஆண்டில் உலகப் போட்டிகள் மீண்டும் மொன்றியலுக்கு வந்தன. புதிய வெலோட்றோம் அப்பொழுது கட்டி முடிந்திருக்கவில்லை. ஆகவே மொன்றியல் பல்கலைக்கழக விளையாட்டரங்கில் தற்காலிகமாக ஒரு மரத்தடம் அமைக்கப்பட்டது. ஈராண்டுகளின் பின்னர் புதிய மண்டபத்தில் நடந்த ஒலிம்பிக் குழுத் துரத்தலில் மேற்கு ஜேர்மனி தங்கத்தையும், சோவியத் ஒன்றியம் வெள்ளியையும், பிரித்தானியா வெண்கலத்தையும் வென்றன. அத்தடத்தின் ஒரு சுற்று 285.714 மீற்றர். கணக்கில் ஆர்வமுள்ள மாணவர்கள் அதனை ஏழால் பெருக்கிப் பார்க்கட்டும். ஏழு சுற்றுக்கு இரண்டு கிலோமீற்றர், பதினான்கு சுற்றுக்கு நான்கு கிலோமீற்றர். குழுத் துரத்தலின் தூரம் அந்த நான்கு கிலோமீற்றரே.

ஒலிம்பிக் முடிந்தபின் அப்பெரிய மண்டபத்தை நிரப்புமளவுக்கு ஓடுவோர் இருக்கவில்லை. ஈற்றில் தடம் அகற்றப்பட்டது. நகரின் 350ஆவது ஆண்டு நிறைவு கொண்டாடப்பட்ட 1992ஆம் ஆண்டில், அதே கூரையின் கீழ்ப் பயோடோம் திறக்கப்பட்டது. இன்று அங்கே பென்குவின்களுக்குப் பனி உண்டு. துவிச்சக்கரவண்டிக்கு இடமில்லை.

எனினும் கதை அத்துடன் முடியவில்லை. 1996ஆம் ஆண்டு அற்லாண்டா ஒலிம்பிக்குக்காக அமைக்கப்பட்ட தடம், விழா முடிந்தபின் பகுதி பகுதியாகக் கழற்றப்பட்டது. அது கியூபெக் மாகாணத்துக்குக் கொண்டுவரப்பட்டு, மொன்றியலுக்குக் கிழக்கே ஏறத்தாழ 80 கிலோமீற்றர் தொலைவிலுள்ள புறோமொன் என்னும் ஊரில் மீண்டும் பொருத்தப்பட்டது. அங்கே பல ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் பயிற்சி நடந்தது. இப்பொழுது அவ்வூரில் கூரையிட்ட 250 மீற்றர் தடம் இருக்கின்றது. பகலில் தொழிலுக்கோ படிப்புக்கோ செல்லும் சாதாரண மனிதரும் அங்கே சென்று பயில முடியும்.

தடமும் வண்டியும்

தடம் முட்டை வடிவமானது. இருபுறமும் நேர்ப்பகுதி, இருமுனையிலும் வளைவு. 250 மீற்றர் தடத்தின் வளைவுகள் ஏறத்தாழ 42 பாகை சரிவுடையவை. முதன்முறை பார்ப்பவருக்கு அது சுவர்போலவே தோன்றும். வேகமாகச் செல்பவர் வளைவில் வெளிப்புறமாகத் தள்ளப்படாதிருக்கவே அச்சரிவு. மெதுவாகச் சென்றால் சில்லு வழுக்கிவிடும். ஏறத்தாழ மணிக்கு 30 கிலோமீற்றர் வேகமாவது இருந்தாற்றான் வளைவிலே தரித்து நிற்கலாம். ஆகவே புதிதாகப் பயில்பவர் முதலில் உள்விளிம்பிலுள்ள தட்டையான பகுதியிற் சுற்றி வேகமெடுத்து, பின்னரே சிறிது சிறிதாக மேலேறுவார். பயந்து வேகத்தைக் குறைத்தால் விழுவார்.

வண்டியோ நாம் அறிந்த சைக்கிள் அன்று. அதற்குப் பிறேக் இல்லை. கியர் ஒன்றே. பின்சில்லு சுழலும் வரை மிதிகட்டையும் சுழன்றுகொண்டே இருக்கும். இறக்கத்திலே காலை நிறுத்திவிட்டுச் சும்மா இருந்து வருவது இங்கே இயலாது. மிதித்துக்கொண்டே இருக்கவேண்டும்.

காற்றும் தவணையும்

இனிப் பந்தயத்துக்கு வருவோம். இரு குழுக்கள் தடத்தின் எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து ஒரே நேரத்திற் புறப்படுகின்றன. ஒவ்வொன்றிலும் நால்வர். எதிர்க்குழுவை எட்டிப் பிடித்தால் வெற்றி. இன்றேல் நான்கு கிலோமீற்றரைக் குறைந்த நேரத்தில் முடித்த குழு வெல்லும். 2024ஆம் ஆண்டு பரிஸ் ஒலிம்பிக்கில் அவுஸ்திரேலிய ஆண்கள் குழு ஓர் ஓட்டத்தை 3 நிமிடம் 40.730 விநாடியில் முடித்தது. அது சராசரியாக மணிக்கு 65 கிலோமீற்றர் வேகமாகும்.

இவ்வேகத்தில் வீரரின் முதற்பகை காற்று. வேகம் இருமடங்கானால், காற்றை ஊடறுக்கத் தேவையான வலு எண்மடங்காகின்றது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் பண்ணைப் பாலத்தைச் சைக்கிளிற் கடந்த பெற்றோருக்கு இதனை நாம் விளக்க வேண்டியதில்லை. முன்னே செல்பவரின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டால் மிதிப்பது எவ்வளவு இலகு என்பதை அவர்களின் கால்களே அறியும். குழுத் துரத்தலின் நுட்பமும் அதுவே. நால்வரும் ஒருவர் பின் ஒருவராக, சில்லுக்கும் சில்லுக்கும் இடையே ஒரு சாணளவே இடைவெளி விட்டு ஓடுவர். பின்னே வருபவர், முன்னே செல்பவரிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்த வலுவுடன் அதே வேகத்திற் செல்லலாம்.

முன்னே நிற்பவர் விரைவிற் களைப்பார். ஆகவே ஒரு சுற்றோ ஒன்றரைச் சுற்றோ முடிந்ததும், வளைவிலே அவர் சரிவின் மேற்புறமாக விலகுவார். மற்ற மூவரும் அவருக்குக் கீழாகக் கடந்து செல்வர். அவர் மேலிருந்து இறங்கி நான்காமவராக வரிசையின் கடைசியிற் சேர்ந்துகொள்வார். ஏறும்போது இழந்த வேகத்தை இறக்கம் திருப்பித் தருகின்றது. இவ்வாறு தவணை மாறிக்கொண்டே இருக்கும். உரிய நேரத்தில் விலகாமல் முன்னேயே நின்றால், அவர் தளரும்போது குழு முழுவதும் தளர்ந்துவிடும். விலகியவரும் தடத்தை விட்டுப் போய்விடுவதில்லை. வரிசையின் பின்னே சேர்ந்து தம் அடுத்த தவணைக்கு ஆயத்தமாகின்றார்.

எவருடைய நேரம்?

நால்வர் ஓடுகின்றனர் என்றால், எவருடைய நேரத்தைக் குழுவின் நேரமாகக் கொள்வது? முதலாமவர் கோட்டைக் கடக்கும்போது கடிகாரம் நிற்பதில்லை. மூன்றாமவரின் முன்சில்லு கோட்டைக் கடக்கும் கணமே குழுவின் நேரம். ஒருவர் இடையிற் பின்தங்கலாம். எஞ்சிய மூவரும் சேர்ந்தே வரவேண்டும்.

இவ்விதி ஓட்டத்தின் இயல்பையே மாற்றிவிடுகின்றது. மிக வல்லவர் ஒருவர் தம் தவணையில் முழுவேகம் எடுத்துப் பாய்ந்தால் என்ன நிகழும்? பின்னே இடைவெளி விழும். இடைவெளி விழுந்ததும் மூன்றாமவர் தனியே காற்றை எதிர்கொள்வார். அவர் பிந்தினால் குழு பிந்தும். முன்னே போனவரின் வேகம் எவருக்கும் பயன்படாது. எனவே பயிற்சியாளர்கள் வல்லவருக்குக் கற்பிப்பது வேறு. அவர் வேகத்தைக் கூட்டுவதில்லை. அதே வேகத்திலே, மற்றவரிலும் கூடுதலான நேரம் முன்னே நின்று காற்றைத் தாங்குகின்றார். மற்றவர் ஒரு சுற்று முன்னே நின்றால் அவர் இரண்டு சுற்று நிற்பார்.

2012ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் பெண்களின் குழுவில் மூவரே ஓடினர். தூரம் மூன்று கிலோமீற்றர். அங்கே பின்தங்குவதற்கு நான்காமவர் என்று ஒருவர் இல்லை. ராரா விற்றன், ஜில்லியன் கார்ள்ரன், ஜாஸ்மின் கிளேசர் ஆகிய மூவரும் ஒருவரையொருவர் கைவிடாது ஓடிக் கனடாவுக்கு வெண்கலப் பதக்கம் ஈட்டித் தந்தனர். நால்வர் ஓடிய 2016ஆம் ஆண்டு றியோ ஒலிம்பிக்கிலும் கனடியப் பெண்கள் குழு வெண்கலம் வென்றது.

எமது வகுப்பறை

இனி எம் பாடசாலையை எண்ணிப் பார்ப்போம். ஆண்டு விழாவிலே பேச்சுப் போட்டியில் முதலிடம் பெற்றவரின் பெயரை ஒலிவாங்கியில் அறிவிக்கின்றோம். அது முறையே. உழைத்தவர் பாராட்டப்படவேண்டும். ஆனால் ஒரு தமிழ்ப் பாடசாலையின் நேரம் முதலாமவரிடம் எடுக்கப்படுவதன்று. மேடையேறாத பிள்ளை, உயிர்மெய் எழுத்துகளில் இன்னும் தடுமாறும் பிள்ளை, அம்மம்மாவுடன் தொலைபேசியில் நான்கு வாக்கியம் பேச இயலாது ஒதுங்கும் பிள்ளை ஆகியோர் எங்கே நிற்கின்றனரோ அங்கேதான் எம் கடிகாரம் நிற்கின்றது.

எம் பிள்ளைகள் பிரெஞ்சில் கல்வி கற்று, வீதியில் ஆங்கிலமும் பேசி, வாரவிடுமுறையில் மூன்றாவது மொழியாகத் தமிழைச் சுமக்கின்றனர். இடைநிலைப் பாடசாலைக்குச் செல்லும் வயதில் அச்சுமை கூடுகின்றது. அவ்வயதிலேயே பலர் நின்றுவிடுகின்றனர். சண்டையிட்டு எவரும் நிற்பதில்லை. ஒரு சனிக்கிழமை வரமாட்டார்கள், அடுத்த சனிக்கிழமையும் வரமாட்டார்கள். இடைவெளி ஒரு சாணளவாக இருக்கும்போது நாம் கவனித்தால் மீட்கலாம். அரைச் சுற்றாகிவிட்டால் மீட்பது அரிது.

ஆதலால் தமிழ் நன்கு வாய்த்த மாணவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வகுப்பில் தயங்கி வாசிப்பவர் அருகே அமருங்கள். உங்கள் தம்பி தங்கையருடன் வீட்டிலே தமிழிற் பேசுங்கள். அவர்கள் பிரெஞ்சில் விடை சொன்னாலும் நீங்கள் தமிழை விடாதீர்கள். இன்னும் ஒரு சுற்று முன்னே நிற்பதென்பது இதுவே.

பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் கேட்பதற்கு வேறொன்று உண்டு. நாம் நெடுங்காலம் முன்னே நின்றுவிட்டோம். இங்கே பிறந்து, இப்பாடசாலையிற் பயின்று, இன்று பல்கலைக்கழகம் செல்லும் இளையோரிடம் ஒரு வகுப்பை ஒப்படைக்க நாம் தயங்குகின்றோம். அவர்களின் உச்சரிப்பிற் குறை காண்கின்றோம், நிர்வாகக் குழுவிலே இடங்கொடுக்க யோசிக்கின்றோம். தவணை மாறாத குழு எவ்வாறு தளரும் என்பதை மேலே கண்டோம். நாம் சரிவிலே சற்று மேலே ஏறி வழிவிடுவோம். வழிவிட்டபின் வீட்டுக்குப் போய்விடாமல், வினாத்தாள் திருத்தவும், கதிரை அடுக்கவும், வராத பிள்ளையின் வீட்டுக்குத் தொலைபேசி எடுக்கவும் வரிசையின் பின்னே வந்து சேர்ந்துகொள்வோம்.

கட்டடம் எத்துணை சிறந்ததாயினும், ஓடுவோர் இல்லாதவிடத்து அது வேறொன்றாகிவிடும் என்பதற்குப் பயோடோம் சான்று. கழற்றி எடுத்துவந்த தடமும் புதிய ஊரிலே மீண்டும் ஓட்டத்துக்கு உதவும் என்பதற்குப் புறோமொன் சான்று. வாய்ப்புள்ள பெற்றோர் ஒருமுறை பிள்ளைகளைப் புறோமொனுக்கு அழைத்துச் சென்று, நால்வர் வரிசையாகச் சுற்றுவதைக் காட்டுவார்களாக. அங்கே பிள்ளைகள் முதலாமவரைப் பார்த்துக் கைதட்டுவர். மூன்றாமவரைக் கவனிக்கும்படி அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.