பழைய பொம்மை ஏன் பிசுபிசுக்கிறது?

1959-இல் மேட்டல் நிறுவனம் அறிமுகப்படுத்திய பார்பியின் ஆரம்பகாலப் பொம்மைகளை இன்றும் தேடித்தேடி வாங்குகிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பது காதை. கம்மல் குத்திய இடத்தைச் சுற்றிப் பச்சை படர்ந்திருக்கிறதா?

கம்மலில் உள்ள செம்பு அரித்து உப்பாக மாறி, மெத்தென்ற வினைலுக்குள் ஊறிவிடும். கறை உள்ளே இறங்கிவிட்டதால் மேலே எவ்வளவு தேய்த்தாலும் போகாது. "லேசான கறைதான்" என்று விற்பவர் சொன்னால், அதைப் பேரம் பேசத் தொடங்கும் இடம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

பிசுபிசுப்பு வேறு கதை. இந்த வினைல், அதாவது பி.வி.சி., இயல்பில் தண்ணீர்க் குழாய் போல விறைப்பானது. பொம்மைக்காக அதை வளையவைக்க, தாலேட் போன்ற எண்ணெய்த்தன்மையுள்ள மென்மையாக்கியைக் கலப்பார்கள். அது பிளாஸ்டிக்கோடு வேதிப்பிணைப்பு கொள்வதில்லை. நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு நடுவே சும்மா குடியிருக்கிறது. காலப்போக்கில் மெல்ல மேற்பரப்புக்கு வந்து கசியும். சூடு பட்டால் இன்னும் வேகமாக. பிறகு தூசி, துணிநூல் எல்லாம் ஒட்டிக்கொள்ளும்.

வெதுவெதுப்பான நீரில் துளி மென்சோப்பு விட்டு, துணியை நனைத்துப் பிழிந்து துடைத்தால் போதும். நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போக வேண்டாம். அது பிளாஸ்டிக்கையே இளக்கிவிடும்.

உலோகக் கம்மலைக் கழற்றித் தனியே வையுங்கள். பொம்மையை வைக்கும் இடம் குளுமையாக, இருட்டாக இருக்கட்டும். பரண் சரிப்படாது, கோடையில் கொதிக்கும். செய்தித்தாளில் சுற்றினால் அச்சுமை ஏறிவிடும், அமிலமற்ற வெள்ளைத் தாளே நல்லது. தெர்மாகோல் பெட்டியும் ஆகாது: கசியும் மென்மையாக்கி அதைக் கரைக்க, பொம்மையும் பெட்டியும் ஒட்டிக்கொள்ளும்.