தொடாமல் விட்ட இரண்டாம் பேஸ்

ரயில்வேயில் 35 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். விசாரணைகளில் அடிக்கடி காதில் விழுந்த பதில், “எல்லாரும் செய்யறதுதானே சார்!” என்பதுதான். அந்தப் பதிலை நினைக்கும்போதெல்லாம் என் கண்முன் வருபவர் அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர் பிரெட் மெர்க்கில்.

பேஸ்பாலில் நான்கு பேஸ்களையும் வரிசையாகத் தொட்டுச் சுற்றி வந்தால் ஒரு ரன். ஒருவர் பந்தை அடித்துவிட்டு முதல் பேஸுக்கு ஓடும்போது, அங்கே ஏற்கெனவே நிற்பவர் இரண்டாம் பேஸுக்குப் போயே தீரவேண்டும். அதற்குள் எதிரணியினர் பந்துடன் அந்த பேஸைத் தொட்டுவிட்டால் அவர் அவுட். அது மூன்றாவது அவுட்டானால், அந்த அடியில் கிடைத்த ரன்னும் செல்லாது.

1908 செப்டம்பர் 23. நியூயார்க் ஜயன்ட்ஸும் சிகாகோ கப்ஸும் மோதின. கடைசி இன்னிங்ஸ், 1-1 என்று சமநிலை, இரண்டு பேர் அவுட். முதல் பேஸில் 19 வயது மெர்க்கில். மூன்றாம் பேஸில் மெக்கார்மிக். பிரிட்வெல் பந்தை அடிக்க, மெக்கார்மிக் ஓடி வந்து ரன் எடுத்தார். வெற்றி என்று எண்ணி ரசிகர்கள் மைதானத்தில் புகுந்தனர். மெர்க்கிலும் இரண்டாம் பேஸைத் தொடாமலே திரும்பி ஓடினார். அந்நாளில் பலரும் அப்படித்தான் செய்துவந்தார்கள்.

சிகாகோவின் ஜானி ஈவர்ஸ் விடவில்லை. பந்தை வாங்கி இரண்டாம் பேஸை மிதித்தார். அதே மாதம் 4ஆம் தேதி, பிட்ஸ்பர்க்கில் அவர் இதே முறையீட்டைச் செய்தபோது அம்பயர் ஹாங்க் ஓ'டே ஏற்கவில்லை. இம்முறை அதே ஓ'டே, மெர்க்கில் அவுட் என்றார். ஆட்டம் சமன். பருவ முடிவில் இரு அணிகளும் சமமாக நிற்க, அக்டோபர் 8இல் மறு ஆட்டம். சிகாகோ 4-2 என வென்று, உலகத் தொடரையும் கைப்பற்றியது.

மெர்க்கிலுக்கு ‘மரமண்டை’ என்ற பொருளில் ஒரு பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. 1,600க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார்; ஐந்து உலகத் தொடர்களில் பங்கேற்றார். அப்பெயர் மட்டும் போகவில்லை. ஆனால் மேலாளர் ஜான் மெக்ரா அவரைப் பழிக்கவில்லை, சம்பளத்தை உயர்த்தினார். 1956இல் மெர்க்கில் காலமானார்.

அம்பயரின் தீர்ப்பில் பிழையில்லை. ஆனால் பலரும் மீறிய விதிக்கு ஒரே ஒரு பையன் ஆயுள் முழுக்க வட்டி கட்டினான். நான் கையெழுத்திட்ட சில விசாரணை அறிக்கைகள் நினைவுக்கு வருகின்றன. விதியைச் சரியாகவே எழுதினேன். மெக்ராவைப் போல் எத்தனை பேருக்குத் தோள் கொடுத்தேன் என்ற கேள்விதான் இன்றும் உறுத்துகிறது.