மூணாம் வகுப்பு வந்தும் வாசிக்க வரலையா? வகுப்பை விடுங்க, நிலையைப் பாருங்க

முதல் பாடத்தைக் கடகடன்னு ஒப்பிப்பான். நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டினால் திருதிருன்னு முழிப்பான். அது வாசிப்பு இல்லை, மனப்பாடம்.

இதற்குத்தான் மும்பையில் 1995-ல் தொடங்கிய ‘பிரதம்’ அமைப்பு ஒரு வழி வச்சிருக்கு. வயசு, வகுப்பு பார்க்காமல் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக எழுத்து, சொல், பத்தி, கதை என வாசிக்கச் சொல்வாங்க. சில நிமிஷ வேலை. எங்கே தடுக்குதோ, அங்கிருந்து பாடம். இந்த முறையை ஆய்வு செய்த அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ இருவரும் 2019-ல் பொருளாதார நோபலைப் பகிர்ந்துகொண்டவர்கள்.

எழுத்திலேயே நிற்கும் ஐந்தாம் வகுப்புப் பையன் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்காரணும். கூச்சமா இருக்காதா? இருக்கும். அதனால்தான் பல பள்ளிகளில் தினமும் குறிப்பிட்ட நேரத்துக்கு எல்லாப் பிள்ளைகளையுமே நிலைவாரியாகப் பிரிச்சு உட்கார வைக்கிறாங்க.

தமிழில் பல குழந்தைகள் இடறும் இடம் கொம்பு. ‘கொக்கு’ எழுதும்போது கொம்பு முன்னாடி நிற்குது. ஒலியோ ‘க்’குக்குப் பிறகு வருது. இங்கே தடுமாறும் பிள்ளையிடம் ‘ஒழுங்கா படி’ன்னு அதட்டி என்ன பயன்? க, கெ, கே, கொ, கோ எழுதி, விரல் வச்சு சத்தமா வாசிக்க வைங்க. அப்புறம் கதைப் புத்தகத்தில் படத்தைக் கையால் மூடிட்டு, ஒரு வரி கேளுங்க.