உஷார்! ‘மாதக் கட்டணமே இல்லை’ ஆன்டெனா

“கேபிள் வேண்டாம், டிஷ் வேண்டாம், ரீசார்ஜ் வேண்டாம். ஒருமுறை வாங்கினால் ஆயுசுக்கும் நூற்றுக்கணக்கான சேனல்கள் இலவசம்!” இப்படி ஒரு விளம்பரம் உங்கள் போனில் வந்தால் தயவுசெய்து பணம் கட்டிவிடாதீர்கள். தமிழ்நாட்டில் அந்தக் கருவியை மாட்டினால் சன் டிவியும் வராது, விஜய் டிவியும் வராது.

ஆன்டெனா, காற்றில் இருப்பதைத்தான் பிடிக்கும். இந்தியாவில் தரையில் நிற்கும் கோபுரத்திலிருந்து டிவி ஒளிபரப்புவது தூர்தர்ஷன் மட்டும்தான். தனியார் சேனல்கள் எல்லாம் செயற்கைக்கோளுக்குப் போய், அங்கிருந்து கேபிள்காரரிடமோ உங்கள் டிடிஎச் டிஷ்ஷுக்கோ இறங்குகின்றன. தூர்தர்ஷனும் பழைய அனலாக் டிரான்ஸ்மிட்டர்களில் பெரும்பாலானவற்றை 2022க்குள் மூடிவிட்டது. 2016இல் சென்னை உள்பட 16 நகரங்களில் டிவிபி-டி2 என்ற டிஜிட்டல் முறையில் தரைவழி ஒளிபரப்பைத் தொடங்கினார்கள். அதிலும் தூர்தர்ஷனின் சொந்தச் சேனல்கள்தான், விரல்விட்டு எண்ணிவிடலாம். நூற்றுக்கணக்கில் எங்கிருந்து வரும்?

பெட்டியைப் பிரித்தால் மெல்லிய பிளாஸ்டிக் தாள், அதற்குள் உலோகத் தகடு, கொஞ்சம் ஒயர், நடுவில் ‘பூஸ்டர்’ என்று தீப்பெட்டி அளவில் ஒரு டப்பா. யுஎஸ்பியில் சொருகியதும் டப்பாவில் குட்டி விளக்கு எரியும். சிக்னல் வந்துவிட்டது என்று வீடே சந்தோஷப்படும். ஆனால் அது கரண்ட் வந்ததற்கான விளக்கு. பூஸ்டரால் வருகிற சிக்னலைப் பெருக்கத்தான் முடியும், வராததை உண்டாக்க முடியாது. அட்டைப்பெட்டியில் ‘4கே’ என்று போட்டிருப்பதும் வெறும் பூச்சு. படத்தின் தெளிவு ஒளிபரப்பிலும் டிவியிலும் இருக்கிறது, தகட்டில் இல்லை. ‘ஆயிரம் மைல் ரேஞ்ச்’ என்பது சுத்தப் பொய். 100 மீட்டர் கோபுரத்தின் உச்சியிலிருந்து அடிவானமே ஏறக்குறைய 40 கிலோமீட்டரில் முடிந்துவிடுகிறது. அதைத் தாண்டியும் சிக்னல் ஓரளவு போகும், ஆயிரம் மைல் போகாது.

வீட்டுப் பெரியவர்களிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். எண்பதுகளில் தென்மாவட்டங்களில் மொட்டை மாடியில் கம்பம் நட்டு, இலங்கையின் ரூபவாஹினியைப் பார்த்த தலைமுறை அது. ஆன்டெனாவைத் திருப்பினால் படம் வரும் என்பது அவர்கள் கண்ணால் கண்ட உண்மை. அன்றைக்குக் காற்றில் சிக்னல் இருந்தது. சிங்கப்பூரில் இன்றைக்கும் இருக்கிறது. அங்கே ஜன்னலோரம் சின்ன ஆன்டெனா வைத்தால் ‘வசந்தம்’ பளிச்சென்று தெரியும், காசும் கிடையாது. அதைப் பார்த்துவிட்டு அங்கிருந்து ஒன்றை ஊருக்கு வாங்கி வராதீர்கள். இங்கே பெரும்பாலான ஊர்களில் தேடல் ஓடி முடிந்து, ‘சேனல் 0’ என்று நிற்கும்.

இதைவிட எனக்குப் பெரிய பயம் வேறு. படம் வரவில்லை என்று விற்றவர்களிடம் கேட்டால், “இன்னும் உயரமா வெச்சுப் பாருங்க” என்பார்கள். உடனே இரும்புக் குழாயை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறுவோம். நம் தெருக்களில் மின்கம்பி மாடிச் சுவரை ஒட்டித்தான் போகிறது. இரண்டு ஆள் உயரக் குழாய் கையில் நிலை தடுமாறிக் கம்பியில் சாய்ந்தால், பிடித்திருப்பவர் உயிர் பிழைப்பது கஷ்டம். மின்கம்பி பக்கத்தில் இருக்கும் மாடியில் ஆன்டெனா, டிஷ், எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். மழை ஈரத்தில் வேண்டவே வேண்டாம். இடி மின்னல் நேரத்தில் மாடியிலிருந்து வரும் ஒயரைத் தொடவே கூடாது. வானம் கறுக்கும்போதே டிவியிலிருந்து கழற்றிவிடுங்கள்.

மாதக் கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கு நேர்வழி, தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ். டிஷ்ஷும் செட்-டாப் பாக்ஸும் ஒருமுறை வாங்கினால் போதும். டிடி தமிழ் (பழைய பொதிகை) அதில் வரும், எல்லாத் தமிழ்ச் சேனலும் வராது. செயற்கைக்கோள் ஜிசாட்-15, 93.5 டிகிரி கிழக்கில் இருப்பதால் தென்கிழக்குப் பக்கம் மரமோ கட்டடமோ மறைக்காத இடம் வேண்டும்.

யாராவது ஆன்டெனா விற்க வந்தால், “எங்க ஊருக்கு எந்தக் கோபுரத்திலிருந்து எந்தச் சேனல் வருது?” என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வாங்காதீர்கள். ஆன்டெனாவை நம்பிக் கேபிள் இணைப்பை முதலில் துண்டித்துவிடாதீர்கள். ஏற்கெனவே வாங்கி ஏமாந்திருந்தால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும்முன் அனுப்பிவிடுங்கள். மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.