குளத்திற்கு உரம் எதற்கு?

வயலுக்கு நாம் இடும் மணிச்சத்து பயிரை வளர்க்கிறது. அதுவே குளத்தில் கலந்தால் பாசியை வளர்க்கும். கடின நீரிலும் அழுக்கு நீங்கும்பொருட்டுச் சலவைத்தூள்கள் பலவற்றில் சேர்க்கப்பட்டுவந்த பாஸ்பேட்டும் இம்மணிச்சத்தே. துவைத்த நீரோடு அது குளத்தை அடைகிறது.

1973-இல் கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் ஓர் ஏரியைத் திரையிட்டு இரு பாதியாக்கினர். இரண்டிலும் கரிச்சத்தும் தழைச்சத்தும் இட்டு, ஒன்றில் மட்டும் மணிச்சத்தையும் சேர்த்தனர். அந்தப் பாதியே பாசி படர்ந்து பச்சையாயிற்று. பாசி மடிந்து அழுகுகையில் நீரிலுள்ள பிராணவாயு குன்றும், மீன்கள் மாளும்.

ஆகவே, துவைகல்லைக் கரைக்கு அப்பால் அமைத்து, சலவை நீரை மண்ணில் சுவறவிடுவோம். மணிச்சத்தை மண் பெரிதும் பிடித்துக்கொள்ளும். சாக்கடையும் வயலின் உரநீரும் இதே கேட்டை விளைவிப்பன என்பதையும் பஞ்சாயத்தார் மறத்தலாகாது.