உஷார்! தோட்டத்து ஆவணமெல்லாம் உங்கள் வாட்ஸ்அப் பேக்கப்பில்

போடிநாயக்கனூரில் வீடு, போடிமெட்டு தாண்டி பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டம் என்று வாழும் குடும்பங்களே, உடனே உங்கள் போனை எடுத்துப் பாருங்கள்! பட்டா நகல், வரி ரசீது, ஏல மையத்தில் காய் விற்ற சீட்டு, பாஸ்புக் முதல் பக்கம், ஜீப்பில் வேலைக்கு ஏறிவரும் பெண்களின் ஆதார் படம் எல்லாம் வாட்ஸ்அப்பில் கிடக்கும். பேக்கப் போட்டிருந்தால் அவ்வளவும் கூகுள் கணக்குக்கும் போய்ச் சேர்ந்திருக்கும்.

ஆபத்து அந்தப் பேக்கப்பில்தான். வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பும் செய்தி எண்ட்-டு-எண்ட் என்க்ரிப்ஷனில் போகிறது. அனுப்பியவரையும் பெற்றவரையும் தவிர யாராலும் படிக்க முடியாது. ஆனால் நீங்களாக ஆன் செய்யாதவரை பேக்கப் நகலுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது! 2020 செப்டம்பரில் மும்பைத் திரையுலகினரின் பழைய வாட்ஸ்அப் உரையாடல்கள் டிவியில் வரிசையாக வெளிவந்தபோது, பேக்கப்பின் இந்தப் பலவீனமும் பெரிதாகப் பேசப்பட்டது. பேக்கப்புக்கும் என்க்ரிப்ஷன் போடும் வசதியை வாட்ஸ்அப் 2021 அக்டோபரில் கொண்டுவந்தது. இன்றும் அது தானாக ஆன் ஆவதில்லை.

நம் ஊரில் ஜிமெயில் கணக்கையே பலருக்கு போன் கடையில்தான் ஆரம்பித்துக் கொடுக்கிறார்கள். பாஸ்வேர்டு பெரும்பாலும் அவரவர் போன் நம்பர். அதைத் தெரிந்தவர் கூகுள் போட்டோஸையும் டிரைவையும் திறந்து பார்க்கலாம். கூகுளும் தன் பங்குக்குப் பூட்டுத்தான் வைத்திருக்கிறது, ஆனால் சாவி கூகுளிடம். ஏலக்காய் ஸ்டோரைப் பூட்டிவிட்டுச் சாவியை அடுத்தவர் வீட்டில் கொடுத்து வைப்பது போலத்தான் இது.

பெரிய நிறுவனம் பத்திரமாக வைத்திருக்கும் என்று நம்புகிறீர்களா? சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் தகவல்கள் 2024 செப்டம்பரில் டெலிகிராம் பாட் (தானாகப் பதில் தரும் கணக்கு) வழியே கேட்டவருக்கெல்லாம் கிடைத்தன. அடையாள அட்டை நகல், பரிசோதனை முடிவு, நோய் விவரம் வரை அதில் இருந்தன! நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கியது. வெளியே போன தகவலை எந்தத் தடை திரும்பக் கொண்டுவரும்?

வாட்ஸ்அப் செட்டிங்ஸில் சாட்ஸ், அதில் சாட் பேக்கப் போங்கள். அங்கே எண்ட்-டு-எண்ட் என்க்ரிப்டட் பேக்கப்பை ஆன் செய்யுங்கள். அதற்கென்று தனிப் பாஸ்வேர்டு வையுங்கள். ஐபோன் என்றால் ஆப்பிள் அக்கவுண்ட் செட்டிங்ஸில் ஐகிளவுடுக்கு அட்வான்ஸ்டு டேட்டா புரொடெக்‌ஷன் இருக்கிறது, அதையும் ஆன் செய்யுங்கள். பட்டா, பத்திரம் போன்றவற்றை டிரைவில் வைத்தே ஆகவேண்டும் என்றால் கிரிப்டோமேட்டர் என்ற மென்பொருளில் (கணினிக்கு இலவசம்) பூட்டிய பிறகு ஏற்றுங்கள். அப்போது கூகுளுக்குள் புகுந்தவன் கையிலும் புரியாத குப்பைதான் கிடைக்கும்.

ஒன்றை மறக்கவே கூடாது. பேக்கப்புக்கு வைத்த பாஸ்வேர்டு தொலைந்தால் வாட்ஸ்அப்பாலும் மீட்டுத் தர முடியாது. தாளில் எழுதிப் பத்திரத்தோடு பீரோவில் வையுங்கள், போனில் எழுதாதீர்கள். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே (ஆப் நிறுவும்) ஃபைலைத் தொடவே தொடாதீர்கள். போனுக்குள்ளேயே திருடன் உட்கார்ந்துவிட்டால் எந்த என்க்ரிப்ஷனும் உதவாது.

என்னை அதிகம் உறுத்துவது தொழிலாளிகளின் ஆதார் படங்கள். கூலிக் கணக்குக்காக நம்பிக் கொடுத்தவர்கள் அவர்கள், அது எங்கெங்கே நகலாகிக் கிடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. முதல் எட்டு எண் மறைத்த மாஸ்க்டு ஆதாரை வாங்குங்கள். வேலை முடிந்ததும் போன், வாட்ஸ்அப் குரூப், கூகுள் போட்டோஸ் மூன்றிலும் அழியுங்கள். கங்காணிகளே, இதை இன்றைக்கே செய்யுங்கள். இத்தனைக்கும் மீறி மோசடியில் பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அடியுங்கள்.